சொல்லக் கூசிய ரத்தம்

என் அன்பு டாடிக்கு,

முதலில் நல்ல செய்தி. பிள்ளை பிறந்துவிட்டாள். பெண் குழந்தை. அன்னா என்று பெயர் வைத்திருக்கிறோம். காது இரண்டும் அச்சாக உங்களுடையது, பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்ததுமே ஜெரால்டு சிரித்துவிட்டார். "உங்க டாடி போகும்போது காதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காரு" என்றார். நான் சிரித்து, அழுது, தையல் வலித்து, திரும்பவும் சிரித்தேன்.

நல்ல செய்தி அவ்வளவுதான் டாடி. இனி எழுதப்போவதை, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போனில் கூப்பிட்டு "எப்படிமா இருக்கே?" என்று கேட்டிருப்பீர்கள். "நல்லா இருக்கேன் டாடி, நீங்க சாப்டீங்களா?" என்று பேச்சை மாற்றியிருப்பேன். நீங்களும் மேலே கேட்டிருக்க மாட்டீர்கள்.

நம் இருவருக்குள்ளும் எப்போதும் அப்படித்தானே? அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நீங்கள் ஒற்றை ஆளாக என்னை வளர்த்தீர்கள். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டீர்கள். பள்ளிச் சீருடைக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொண்டீர்கள். நான் பெரியவளானதும் மாதாமாதம் கடையில் அந்தப் பொட்டலத்தை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, என் அறைக் கதவோரம் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விடுவீர்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசியதும் இல்லை. அதில் எவ்வளவு அன்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ரத்தம் என்றால் மறைக்க வேண்டியது என்பதையும் அந்தச் செய்தித்தாளிலிருந்துதான் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை டாடி. வேறு எப்படிச் செய்திருக்க முடியும் உங்களால்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீ கெம்பாங்கானில் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைபெற்ற உடம்பைப் பார்த்துக்கொள்ள அம்மா இல்லாததால், பத்தியம் முடியும்வரை பண்டமாரானில் ஜெரால்டின் அப்பா அம்மாவோடு இருப்பது என்று முடிவானது. அத்தை ஆசையாகத்தான் கூட்டி வந்தார். பூண்டு வறுத்தார், நல்லெண்ணெய் ஊற்றினார், வெந்நீர் காய்ச்சி முதுகில் ஊற்றினார். மாமாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்தன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு முடியும்வரை நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதர். முன்பு லோரி ஓட்டியவர், இப்போது வாசலில் பழைய மின்காற்றாடியையோ சைக்கிளையோ கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டிருப்பார்.

பிரசவத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ரத்தம் போயிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாப்பிட்டேன், ஆரம்பத்தில். அத்தை தினமும் சூடாகக் கறுப்புக் கோப்பி கலந்து கொடுப்பார், அதோடுதான் விழுங்குவேன். பிறகு வயிறு கல்லாகிவிட்டது. கீழே தையல். கழிவறைக்குப் போவது என்றாலே நடுக்கம். ஒருநாள் மலம் கறுப்பாக, தார் மாதிரிப் போனதும் பயந்தேபோனேன். இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஜெரால்டு துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள். அத்தையிடம் இதைச் சொல்லப் போனால் நாக்கு எழவில்லை. அவர் எனக்கு அத்தை, அம்மா இல்லையே.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். காலையில் வாயில் போட்டுக்கொண்டு, குளியலறைக்குப் போய்த் துப்பிவிடுவேன். படித்தவள் டாடி, உங்கள் மகள். ஆபீஸில் எத்தனை பேருக்கு மெடிக்கல் கிளெய்ம் பார்த்துக் கொடுத்தவள்.

கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். நல்ல பெண், மலாய்க்காரர், அன்னாவின் காதைப் பார்த்துக் கொஞ்சுவார். மருந்து சாப்பிடுகிறாயா என்று மலாயில் கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். ரத்தம் எப்படிப் போகிறது என்று கேட்டார். மாமா அந்த நேரம் பார்த்து ஹாலில் காற்றாடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "ஓகே மிஸ்ஸி, எல்லாம் ஓகே" என்றேன். வேகமாக, சின்னக் குரலில். அவர் போனபிறகு முகமெல்லாம் எரிந்தது.

அப்புறம் அந்த ஐஸ்.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்தே இந்தக் கடிதம் தள்ளிப் போயிற்று. எனக்கு ஐஸ் தின்ன வேண்டும்போல இருந்தது டாடி. ஆசை என்று சொன்னால் போதாது. வாயெல்லாம் ஏங்கியது. அத்தையும் மாமாவும் மதியம் கண்ணயர்ந்ததும் அடுக்களைக்குப் போவேன். ஃபிரீஸரைத் திறந்து, தட்டிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து நின்றபடியே கடிப்பேன். ஒன்றோடு நிற்காது. பல் கூசும், நெற்றி வலிக்கும், விடமாட்டேன். தட்டு தீர்ந்தால் ஃபிரீஸர் சுவரில் படிந்ததைக் கரண்டியால் சுரண்டித் தின்பேன். பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரே தொடக்கூடாது என்கிற வீட்டில்!

"ஐஸ் பக்கமே போயிடாதே பிரிசி, ஜன்னி வந்துடும். பிள்ளைக்கும் சளி பிடிக்கும்" என்று அத்தை முதல் நாளே சொல்லியிருந்தார். அன்னா ஒரு தடவை தும்மினாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என்னால்தான், என் நாக்கால்தான் என்று நினைப்பேன். அடுத்த நாள் மதியம் திரும்பவும் போய் நிற்பேன். திருடி மாதிரி. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நல்ல தாய்க்கு இப்படியெல்லாம் தோன்றாது என்றுதான் நம்பினேன். ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. காலி செய்துவைத்த தட்டில் மறுநாள் ஐஸ் நிறைந்திருக்கும். யார் ஊற்றிவைக்கிறார்கள் என்று கேட்கவும் பயம்.

உடம்பு அதற்குள் நொறுங்கிவிட்டிருந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டும். அன்னாவைக் குளிப்பாட்டும் வாளியைத் தூக்க முடியாது. ஹாலிலிருந்து அடுக்களைவரை நடந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒடம்புல பலமே இல்ல லா" என்று அத்தை பக்கத்து வீட்டு காக் ரோஸிடம் சொன்னது காதில் விழுந்தது. காக் ரோஸ் மலாய்க்கார அக்கா, அவரும் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்ற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார். எல்லோருக்கும் அப்படித்தான் போலும், நான்தான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். பிரசவத்துக்குப் பின் குறைந்துகொண்டே வந்த ரத்தப்போக்கு திரும்பவும் அதிகமாகத் தொடங்கியிருந்தது. கட்டி கட்டியாகப் போனது. அதையும் அமுக்கிவைத்தேன்.

அன்று காலை அத்தை பூசைக்குப் போயிருந்தார். ஜெரால்டு வேலையில். மாமா வாசலில். நான் ஹாலில், அந்த மெத்தை வைத்த மர நாற்காலியில் உட்கார்ந்து அன்னாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளுக்குள் ஏதோ கழன்றது போல, சூடாகக் கொட்டியது. கைலி நனைந்தது. அன்னாவைத் தரையில் பாயில் கிடத்திவிட்டு எழுந்து பார்த்தால் நாற்காலி மெத்தை முழுவதும் சிவப்பு. என் காலில் வழிந்துகொண்டிருக்கிறது.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? கூப்பிடவில்லை. வாசல் கதவு திறந்திருக்கிறது, பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் இருக்கிறார், என் உயிர் தரையில் ஒழுகிக்கொண்டிருக்கிறது, நான் குழந்தையின் துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தேன். மாமா பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. காதுக்குள் இரைச்சல். முட்டி மடங்கி, பாயில் கிடந்த பிள்ளைக்குப் பக்கத்திலேயே சரிந்தேன். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அவள் மேலேயே விழுந்திருப்பேன் டாடி.

சத்தம் கேட்டு மாமா வாசற்படிவரை ஓடி வந்தார். "என்னம்மா?" என்றார்.

"மாமா, உள்ள வராதீங்க!" என்று கத்தினேன்.

அவர் நின்றார். நான் அப்படிச் சொன்னதால் நின்றுவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அன்னா வீறிட்டாள். அப்புறம்தான் வந்தார். கொடியிலிருந்து பெரிய துவாலையை உருவி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே என்மேல் போர்த்தினார். "எழுந்திரிக்காதமா. அப்படியே படு. நான் இருக்கேன்." பிறகு வேலியோரம் போய் காக் ரோஸைக் கூப்பிட்டார். அந்தச் சாதுவான மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். காக் ரோஸின் காரில் என்னைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். மாமா முன்னால் அன்னாவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தது ஒன்றுதான்: "சாரி காக், சீட்டு அழுக்காகுது, சாரி காக்."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர், என் வயதுதான் இருக்கும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகூட வெளுத்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி ரத்தம் போகுது? இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறீங்களா?"

மாமா பக்கத்தில் நிற்கிறார். "எடுக்கிறேன் டாக்டர்" என்றேன். அந்த நிலைமையிலும் பொய்.

மாமா செருமினார். "இல்ல டாக்டர். மாத்திரைய துப்பிடறா. குளிக்கிற எடத்துல ஓரமா கெடந்துச்சு, நான் பாத்தேன்." "அப்புறம், அவ ஐஸ் திங்கிறா டாக்டர். தெனமும். தட்டு காலியா இருந்தா பாவம் ஏமாந்துடுவாளேன்னு நான்தான் தண்ணி ஊத்தி வெப்பேன்."

செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை.

"ஐஸ் கடிக்கணும்னு தோணிட்டே இருந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். "உங்க ஒடம்புல இரும்பு ரொம்பக் கொறைஞ்சு போச்சு சிஸ்டர். அப்படி இருக்கிறவங்க சில பேருக்கு ஐஸ் மேல, சிலருக்கு பச்சரிசி, மண்ணு மேலகூட ஆசை வரும். இது ஒரு அறிகுறி. நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல."

பச்சரிசி என்றதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அரிசி களையும்போது அம்மா ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வாள் என்றும், எப்போது பார்த்தாலும் அசதி என்று படுத்துக்கொள்வாள் என்றும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே டாடி. என்னைப் பெற்ற பிறகா அது? யாராவது அவளுடைய இமையை இழுத்துப் பார்த்தார்களா? இனி யாரைக் கேட்பேன்?

உள்ளே நஞ்சுக்கொடியின் சின்னத் துண்டு ஒன்று தங்கிப்போயிருந்ததாம். சிலருக்கு அப்படி ஆகுமாம். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம். அப்புறம் கோப்பி நிறத்தில் ஒரு மருந்து, அதுதான் இரும்பு, சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. அன்னாவை அத்தை பார்த்துக்கொண்டார்.

வார்டில் அதே டாக்டர் வந்து எல்லாம் விளக்கினார். மாத்திரையைத் தொடர வேண்டும். கோப்பி, தேத்தண்ணியோடு சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சேராது. ஆரஞ்சுச் சாறோடோ கொய்யாப் பழத்தோடோ சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். வயிறு கட்டிக்கொண்டால் வந்து சொல்ல வேண்டும், வேறு மாத்திரை இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் வழியும் உண்டு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மலம் என்கிற சொல்லை டாக்டர் மாமாவின் முன்னால், தக்காளி என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

அத்தை பார்க்க வந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து சூப்பை ஊற்றினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? நான் என்ன பேயா, பிசாசா? நாலு பிள்ள பெத்தவ நான். எனக்குத் தெரியாத ரத்தமா?"

"வெக்கமா இருந்துச்சு அத்தை."

"வெக்கம்." சூப்பை என் கையில் திணித்தார். "கோப்பி கலந்து கலந்து குடுத்தது நானு. ஊருக்கெல்லாம் அவ சோம்பேறின்னு சொன்னதும் நானு. எனக்கு எவ்ளோ வெக்கமா இருக்கும்?" என்று அழத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த அன்று பின்கட்டுக் கொடியில் நாற்காலி மெத்தை உறை காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அத்தை பார்த்தார். "நான் தொவைக்கிறேன்னேன். வேணாம், நானே பண்றேன்னு உக்காந்துட்டாரு. ஊற வெச்சு ஊற வெச்சு தொவைச்சாரு. முழுசா போகல" என்றார். நடுவில் பழுப்பாக ஒரு திட்டு நின்றிருந்தது. அதைத் துவைத்த கைகளுக்குச் சொந்தக்காரரின் முன்னால்தான் நான் இனி தினமும் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும்.

சில நாள் நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவே இல்லை. அவர் விடிந்ததும் பாசாருக்குப் போய் ஈரலும் சிவப்புக் கீரையும் கொய்யாவும் வாங்கி வந்து, மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். அத்தை ஈரலை மிளகு போட்டு வறுத்துத் தருவார். ஐஸ் ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒரு மதியம் ஃபிரீஸரைத் திறந்து மீன் எடுத்துவிட்டு மூடினேன், பிறகுதான் உறைத்தது.

போன வாரம் துணிந்து வாசலுக்குப் போனேன். மாமா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். "மாமா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிரவில்லை. "நீ உள்ள வராதீங்கன்னு சொன்னே. நான் நின்னுட்டேன்மா" என்றார். "நின்னிருக்கக் கூடாது. பிள்ளை அழுது, நீ கெடக்கிற, நான் ஆம்பளைன்னு நின்னுட்டேன். அதேபோலத்தான் மாத்திரையும். பாத்தேன். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல. ஐஸ் தண்ணி ஊத்த மட்டும் தெரிஞ்சுது."

கூட நின்றேன், அவ்வளவுதான். நின்றபோது ஒன்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேனோ என்னவோ. அன்று வாசலில் இருந்தது நீங்களாக இருந்திருந்தால், டாடி, நீங்களும் நின்றிருப்பீர்கள். என்னை அவ்வளவு நேசித்த நீங்களும். நான் வராதீர்கள் என்று கத்தியிருப்பேன், நீங்கள் கேட்டிருப்பீர்கள். இல்லையா?

இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். போன தடவை ரத்தம் சோதித்தபோது ஏறியிருக்கிறது, இன்னும் போதாது என்றார்கள். மாத்திரை தொடர்கிறது. வயிறு படுத்தத்தான் செய்கிறது. கிளினிக்கில் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். சொல்லும்போது தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். வெட்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்னாவுக்கு ஞானஸ்நானம். ஜெரால்டின் தங்கை ஷீலா செமினியிலிருந்து வருகிறாள். அவளும் மாசமாக இருக்கிறாள், பிரசவம் முடிந்து இதே வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். நேற்று போனில் பேசினாள். "அண்ணி, மாத்திரை சாப்டா ஒரு மாதிரி இருக்கு" என்று இழுத்துவிட்டு, "சரி, ஒண்ணுமில்ல லா" என்று வைத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆகையால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விருந்தாளிகள் போனதும் ஷீலாவைப் பிடித்து ஹாலில் உட்கார வைப்பேன். வயிறு கட்டியது, கறுப்பாகப் போனது, கட்டி கட்டியாக விழுந்தது, ஐஸ் திருடித் தின்றது, ஒன்று விடாமல் சொல்வேன். மாமா அங்கேதான் இருப்பார். எழுந்து வெளியே போகப் பார்ப்பார். "இருங்க மாமா, நீங்களும் கேளுங்க" என்பேன். என் முகம் நெருப்பாகச் சுடும். சுடட்டும்.

உங்கள் ஒரே மகள்,
அன்னாவின் அம்மா,
பிரிசில்லா